குஞ்சுகள் அமைதியாக உள்ளன

"உன்ற பொண்டாட்டி எங்க ஷெட்டுல பேசறா, கண்ணு."

துளசிமணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இதைச் சொன்னார். நான் கோழி ஷெட்டின் குட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். வான்மதி போன ஐப்பசியில் செத்தாள். அதிலிருந்து ஷெட் காலி. ஆனி பிறந்ததும் மறுபடி குஞ்சு விடச் சொல்லி, ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கக் கொடுக்கும் கம்பெனிக்குத் தகவல் கொடுத்திருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பல்லடத்துப் பக்கம் கோழி வளர்ப்பவனுக்கு அதைவிட்டால் வேறு வேலை தெரியாது.

"பயந்துக்காத. பேய்க் கத சொல்ல வரல. கம்பெனிக்காரன் புதுசா ஒரு பொட்டி கொண்டாந்து மாட்டியிருக்கான். அதுக்குள்ள இருந்து 'பா... பா... பா...'ங்கறா. நம்ம அம்மிணியேதான். எங்க ஊட்டு மனுசன்கூட அதக் கேட்டா எந்திரிச்சு வந்துர்றாரு, சோறு போடறேன்னு நெனச்சு."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மட்டையை வாளியில் போட்டுவிட்டு அவர் ஷெட்டுக்குப் போனேன். உள்ளே இரண்டு நாள் குஞ்சுகள். குஞ்சுகளுக்குச் சூடு தரும் கேஸ் அடுப்புகளுக்கு நடுவில், கூரைக் கம்பியிலிருந்து டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி தொங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தகரத் தட்டில் விரல் தட்டும் சத்தம். ட்டுக், ட்டுக், ட்டுக். அதன் பின்னால் குரல்.

வான்மதி மோதிர விரலால்தான் தட்டுவாள். தாய்க்கோழி அலகால் கொத்திக் காட்டுவது போல. மோதிரம் தகரத்தில் படும்போது சத்தம் இரண்டாகக் கேட்கும். பெட்டியிலும் இரண்டாகத்தான் கேட்டது. அந்த மோதிரம் என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

குஞ்சுகள் எல்லாம் பெட்டியைப் பார்த்து ஓடின.

"நல்ல கொரலு" என்றார் அக்கா மெதுவாக. "குஞ்சு சாவே கொறஞ்சு போச்சு, கண்ணு. தப்பா நெனச்சுக்காத."

வந்த வழியே திரும்பி நடந்தேன். நின்றிருந்தால் அக்காவைத் திட்டியிருப்பேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

*

ஷெட்டில் மைக் தொங்குவது புதிதல்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருடமே கம்பெனி மாட்டிவிட்டது. குஞ்சு குளிரில் ஒரு மாதிரி கத்தும், பசியில் வேறு மாதிரி. வயிறும் சூடும் சரியாக இருந்தால் தனக்குள் முணுமுணுக்கும். மைக் அதைக் கேட்டு அடுப்பைக் கூட்டும், குறைக்கும். நம் போனுக்குச் செய்தி அனுப்பும். சிவப்பு வட்டம் வந்தால் ஓட வேண்டும். பச்சை வட்டம் வந்தால் 'குஞ்சுகள் அமைதியாக உள்ளன.'

இதற்காக ஒரு சட்டம் போட்டார்கள். ஷெட்டுக்குள் போன் கூடாது. மணி அடித்தால் குஞ்சு மிரளும், மைக் குழம்பும். அதனால் வாசலில் ஒரு மரப்பெட்டி. மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, செருப்பு மாற்றி, போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மீறினால் மைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முறை குஞ்சு வரத் தாமதமாகும். வான்மதி ஒருநாள்கூட மீறியதில்லை.

அவள் செத்த அன்று மழை. ஷெட்டின் பக்கவாட்டுப் படுதா கிழிந்திருந்தது. புதுப் படுதா வாங்கப் பல்லடம் போனேன். குஞ்சு வந்து மூன்றாம் நாள், அவளைத் தனியாக விட மனமில்லை. "குஞ்சுக்குக் காவல் நான் இருக்கேன், எனக்குக் காவல் குஞ்சு இருக்குது. போயிட்டு வாங்க மாமா" என்றாள். கடையில் இருந்து கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் ஷெட்டுக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். செய்தியைப் பார்த்தேன். பச்சை. மழை விடட்டும் என்று கடையிலேயே நின்றேன். மறுபடி பார்த்தேன். பச்சை.

வந்து பார்த்தபோது அவள் அடுப்போரம் விழுந்து கிடந்தாள். குஞ்சுகளை இரண்டு கையாலும் ஒதுக்கித்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

கரு குழாயிலேயே தங்கி வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும்தான் இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வாரம் டாக்டரிடம் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன், கம்பெனியிடம். மைக் எல்லாவற்றையும் பதிவு செய்யுமே, அன்றைய பதிவைக் கொடுங்கள் என்றேன். அவள் எப்போது விழுந்தாள், என்ன சொன்னாள், வலித்ததா. எனக்குத் தெரிய வேண்டும்.

கம்பெனி சூப்பர்வைசர் சம்பத் காரியத்தன்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மழைக்கு மைக்கெல்லாம் நின்னு போச்சுங் தம்பி. ஒண்ணும் பதிவாகல. நின்னுட்டா கடைசியா அனுப்புன பச்சையவே திருப்பித் திருப்பி அனுப்பும். அதான் உங்களுக்கு அப்படி வந்துருக்குது. கத்தாமக் கொள்ளாம மயக்கத்துலயே போயிட்டாங்கன்னு நெனச்சுக்குங்க."

அப்படியே நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் அதை வைத்துத்தான் தூங்கினேன்.

*

மறுநாள் சம்பத் என் ஷெட்டுக்கு வந்தார். கையில் அதே பெட்டி.

"ஏனுங் தம்பி, வெள்ளையெல்லாம் அடிச்சுக் கல்யாண மண்டபமாட்டப் பண்ணிட்டீங்க!" என்றபடி ஏணியைத் தூக்கிச் சாத்தினார்.

"அதுல இருக்கறது யார் குரல்?"

"கொரல் இல்லீங். சவுண்டு."

"யாரோட சவுண்டு?"

ஏணியில் பாதியில் நின்றார். இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நானே பக்குவமாச் சொல்லலாம்னுதான் இருந்தனுங். மொதல்ல நெசக் கோழி சத்தத்தத்தான் வெச்சுப் பாத்தாங்க. நம்ம குஞ்சுக எங்கீங் தாயக் கண்டுது? மிசின்ல பொரிச்சதுக. திரும்பிக்கூடப் பாக்கல. அப்பறம் எல்லா ஷெட்டுச் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள கொட்டி, குஞ்சு எதுக்கு ஓடி வருது, நீயே கண்டுபுடின்னுட்டாங்க. அது தேடித் தேடி உங்க ஊட்டுக்காரம்மாவ எடுத்துக் குடுத்துச்சு. அத்தன ஷெட்டுல, தம்பி! பெருமதானுங்?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"ஷெட்டுக்குள்ள எழும்பற சத்தமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல இருக்குது."

"குஞ்சு உங்களுது. தீவனம் உங்களுது. மருந்து உங்களுது. செத்துப்போனா மட்டும் எங்களுதுன்னு நஷ்டத்த எங்க தலையில கட்டுவீங்க. இப்ப செத்துப்போனதும் உங்களுதா?"

"தம்பி..."

"பொட்டியக் கொண்டு போங்க."

"கொண்டு போயிருவேன். பொட்டி இல்லாத ஷெட்டுக்குக் குஞ்சு எறக்க வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. உங்களுக்கு மட்டுமில்லீங், எல்லாத்துக்கும் அதே."

மாட்டிவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை. குஞ்சு வர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் போனதும் பெட்டிக்குக் கீழே போய் நின்றேன். குஞ்சு இல்லாத ஷெட்டில் அது பேசாது. ரொம்ப நேரம் நின்றேன்.

*

குஞ்சு வண்டி அடுத்த நாள் காலையில் வந்தது. தேங்காய் நார்க்கழிவைப் பரப்பி, மேலே பழைய பேப்பர் விரித்து, குஞ்சு சிதறாமல் இருக்கத் தகடுகளை வட்டமாக நிறுத்தி, அடுப்பை முன்பே பற்றவைத்துத் தரையைச் சூடாக்கி வைத்திருந்தேன். வெல்லத் தண்ணீர் நிரப்பியிருந்தேன். ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் முதலில் கையில் வரும் நாலைந்து குஞ்சுகளைப் பிடித்து அலகைத் தண்ணீரில் நனைத்து விட வேண்டும். அவை குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும். இதெல்லாம் வான்மதி செய்வது. நான் செய்தேன். என் கை பெரிது. குஞ்சின் இதயம் விரலில் அடித்தது.

ட்டுக், ட்டுக், ட்டுக். பா... பா... பா...

குஞ்சுகள் பெட்டிக்குக் கீழிருந்த தீவனத் தட்டுக்கு ஓடின. நானும் நிமிர்ந்து பார்த்தேன். இந்த உடம்புக்குப் புத்தி கிடையாது.

அன்று மத்தியானம் மேற்கே இருந்து காற்று திரும்பிச் சாரல் அடித்தது. ஓரத்துக் குஞ்சுகள் குளிரில் கீச்சிட்டன. அப்போது பெட்டி வேறொரு சத்தம் போட்டது.

அது பா பா இல்லை. வார்த்தையே இல்லை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக, தணிவாக, விட்டு விட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு. அவள் மூச்சுதான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தை அவளிடம் நான் கேட்டதே இல்லை. கோபத்தில், சிரிப்பில், காய்ச்சலில், தூக்கத்தில், என் பக்கத்தில் படுத்திருந்தபோது, எப்போதும் கேட்டதில்லை.

குஞ்சுகளுக்கு அது பிடித்திருந்தது. பா பா என்றால் தட்டுக்கு ஓடும். இதற்கு வட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் வந்து, பெட்டிக்குக் கீழே, ஒன்றை ஒன்று ஒட்டி, கண்ணை மூடின. கத்தல் அடங்கியது. வாசல் பெட்டியில் போன் முனகியது. போய்ப் பார்த்தேன். பச்சை.

*

மூன்றாம் நாள் சம்பத் ஒரு பெண்ணைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஷெரின். நாகர்கோவில்காரி. கம்பெனியில் ஒலி ஆராய்ச்சிப் பிரிவு. இருபத்தைந்து வயது இருக்கும். ஷெட் வாசலில் தீவன மூட்டை மேல் மடிக்கணினியை வைத்துவிட்டு நிமிர்ந்து கும்பிட்டாள்.

"ஜெகதீசன் சார், உங்களப் பாக்கணும்னு நான்தான் கேட்டு வந்தேன். எங்க மொத்தத் திட்டமும் மேடத்தோட குரல்லதான் நிக்குது. ஒரு நன்றி சொல்லணும்ல."

"சொல்லிட்டீங்க இல்லீங், கெளம்பலாமா?" என்றார் சம்பத்.

"இருங்க சார், இப்பத்தானே வந்தோம்."

நான் கேட்டேன். "ரெண்டு சத்தம் இருக்கு. பா பா எனக்குத் தெரியும். குளிர்ல போடற அந்த இன்னொண்ணு எங்க இருந்து எடுத்தீங்க?"

அவள் முகம் மலர்ந்தது. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அதுதான் சார் விசேஷமே! பா பா நெறைய நாள் பதிவுல இருந்து எடுத்தது. இது ஒரே ஒரு மத்தியானத்துப் பதிவு. சிஸ்டம் தானாக் கண்டுபிடிச்சது. அன்னிக்கு ஷெட்ல ஒரு பக்கம் கேஸ் தீந்து சூடு எறங்கிட்டு இருக்கு. குஞ்செல்லாம் கத்தித் தீத்திருக்கணும். ஆனா கத்தல. ஏன்னு பாத்தா, மேடம் ஒரு மாதிரி சத்தம் குடுத்துட்டே இருக்காங்க. குஞ்சு மொத்தமும் அவங்ககிட்டப் போய்க் கூடியிருக்கு. கொஞ்ச நேரம் இல்ல சார், ரொம்ப நேரம். அந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

"என்னைக்கு?"

"ஷெரினம்மா, நேரமாச்சுங்" என்றார் சம்பத்.

"போன வருஷம் ஐப்பசி. தீபாவளிக்கு முந்தின வாரம். மழை சத்தம்கூட இருக்கும், அத எடுக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டோம்." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு சம்பத்தைப் பார்த்தாள். "என்ன சார்? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

நான்தான் சொன்னேன். "அவ செத்துட்டு இருந்தா."

உள்ளே குஞ்சுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"மேடம் ஆஸ்பத்திரில எறந்தாங்கன்னு..." என்றாள் ஷெரின். "எங்ககிட்ட அப்படித்தான்..."

நான் சம்பத்தின் சட்டைக் காலரைப் பிடித்தேன். "மைக் நின்னு போச்சுன்னீங்க."

"மேல இருந்து அப்படிச் சொல்லச் சொன்னாங்க தம்பி. பதிவு வெளிய போனா வில்லங்கம்னாங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்குது. அது என்னன்னு நான் கேக்கக்கூட இல்ல. எங்காத்தா மேல சத்தியம்."

காலர் அழுக்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஷெட் ஷெட்டாக அலைகிற மனிதர். விட்டேன்.

"போடுங்க" என்றேன் ஷெரினிடம். "எதையும் வெட்டாம, முழுசா போடுங்க."

"சார், வேண்டாம்."

"அவ என் பொண்டாட்டி. ஊரெல்லாம் கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். போட்டாள்.

முதலில் மழை. தகரக் கூரையில் மழை. பிறகு ஏதோ விழும் சத்தம். கேஸ் சிலிண்டராக இருக்கும், மாற்றப் போயிருக்கிறாள். பிறகு வான்மதி.

"மாமா."

சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவது போல. கொஞ்சம் கழித்து, "மாமா, வந்துட்டீங்களா?" ரோட்டில் ஏதோ வண்டி போயிருக்கிறது. அது தூரத்தில் கேட்டு மறைந்தது. பிறகு, "அக்கா. துளசிமணி அக்கா." பலம் சேர்த்துக் கத்தினாள். மழை அதற்கு மேல் கத்தியது. "யாராச்சும் இருக்கீங்களா?"

பிறகு போன் மணி. வாசல் பெட்டிக்குள்ளிருந்து. நான் கடையிலிருந்து கூப்பிட்டது.

அவள் அதற்குப் பதில் சொன்னாள். "இங்க இருக்கேன். மாமா, இங்கதான் இருக்கேன்."

மணி நின்றது.

குஞ்சுகளின் கத்தல் நெருங்கி வந்தது. "போங்கடா... இங்க என்ன... அங்க போய்ச் சூட்டுல நில்லுங்க." அங்கே சூடு இல்லை. கேஸ் தீர்ந்திருந்தது. ஷெட்டின் அந்தப் பக்கத்தில் அப்போது சூடாக இருந்தது அவள் உடம்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை. அந்தச் சத்தம் தொடங்கியது.

எனக்குப் பின்னால் தடதடவென்று கேட்டது. திரும்பினேன். மடிக்கணினியின் சத்தம் கேட்டு, என் ஷெட்டின் குஞ்சுகள் எல்லாம் எங்கள் பக்கத்துத் தகட்டின் மேல் வந்து மோதிக் குவிந்துகொண்டிருந்தன.

ஷெரின் நிறுத்தினாள். அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கத் தகுதியாக எதுவும் பக்கத்தில் இல்லை.

"இத இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலையா?"

"இல்ல சார். யாரும் காதால கேக்கல. படமாத்தான் பாப்போம், கோடு ஏறுதா எறங்குதான்னு. அவங்க பேசுன வார்த்தையெல்லாம்..." மூக்கைத் துடைத்தாள். "மனுஷப் பேச்சு வந்தா சிஸ்டம் அத இரைச்சல்னு எடுத்து வெட்டிடும். நாங்கதான் அப்படி வெச்சோம். பண்ணைக்காரங்க பேசறத ஒட்டுக் கேக்கறோம்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. வார்த்தை இல்லாததை மட்டும் வெச்சுக்கும்."

யோசித்துப் பார்த்தேன். உதவி கேட்டது இரைச்சல். முனகல் கண்டுபிடிப்பு. அவள் உடம்புச் சூட்டுக்கு வந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, அவள் சத்தத்துக்கு வந்தன என்று ஒரு மிஷின் முடிவு கட்டியது. ஷெட்டில் ஒருத்தி செத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க எனக்குப் பச்சை அனுப்பியது. பொய் சொல்லவில்லை. குஞ்சுகள் அமைதியாகத்தான் இருந்தன. அது காது கொடுத்தது குஞ்சுகளுக்கு மட்டும்தான்.

சம்பத் என் பக்கத்தில் வந்து தணிவாகப் பேசினார். "தம்பி, நான் மேல பேசறேன். இன்னைக்கே அழிச்சர்றோம். எல்லா ஷெட்டுல இருந்தும், ஆபீஸ்ல இருந்தும், ஒரு துளி இல்லாம. பொட்டியக் கொண்டு போங்கன்னுதான நீங்க மொதல்ல சொன்னீங்க?"

ஆமாம், மூன்று நாளைக்கு முன்னால் அதைத்தான் கேட்டேன். இப்போது அவர் கண்ணில் ஒரு அவசரம் தெரிந்தது.

"அழிக்கக் கூடாது" என்றேன்.

"அப்பறம் என்னதானுங் வேணும்?"

அவரிடம் சொல்லவில்லை. ஷெரினிடம் சொன்னேன். "வெட்டுனதத் திருப்பி வைங்க."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வார்த்தைய. அவ கூப்பிட்டா. முதல்ல வார்த்தையாத்தான் கூப்பிட்டா. முனகலக் கேக்கறவங்க அதையும் கேக்கட்டும்."

"நல்லா இருக்குதுங்!" சம்பத் சிரிக்கப் பார்த்தார். "ஜனங்க பயந்து செத்துப் போவாங்க தம்பி. வாங்கம்மா, வண்டில ஏறுங்க."

ஷெரின் மடிக்கணினியை மூடினாள். காரில் ஏறினாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாதச் சம்பளக்காரி. நல்ல பெண். அழுதாள். அதற்கு மேல் என்ன செய்வாள்?

அவர்கள் போனதும் வாசலில் இருந்த மரப்பெட்டியைப் பிடுங்கி அடுப்படிக்கு விறகாகப் போட்டேன். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன்.

*

அந்த வாரக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசியது. மத்தியானமே இருட்டிச் சாரல் பிடித்தது. பல்லடம், தாராபுரம், உடுமலை எல்லாப் பக்கமும் அதே காற்று, அதே சாரல்தான் இருந்திருக்கும். எல்லா ஷெட்டிலும் குஞ்சுகள் ஒரே நேரத்தில் குளிர்ந்திருக்கும்.

நான் மண்டி போட்டு நார்க்கழிவைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஓரத்துக் குஞ்சுகள் கீச்சிட ஆரம்பித்தன. அந்தச் சத்தம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மாமா" என்றது பெட்டி.

கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தேன்.

"மாமா, வந்துட்டீங்களா?"

குஞ்சுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இந்தச் சத்தம் அவற்றுக்குப் புதிது. ஒன்றும் நகரவில்லை.

சம்பத்திடம் வாங்கிய ஷெரினின் எண்ணுக்கு அதன் பிறகு பலமுறை கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. வேலையில் இல்லை என்று மட்டும் பின்னால் சம்பத் சொன்னார். வேறு எதையும் சொல்ல அவருக்கு அனுமதி இல்லையாம்.

"அக்கா. துளசிமணி அக்கா." காற்றில் படுதா படபடத்தது. அதையும் மீறிக் கேட்டது. எங்கள் ஷெட்டில் மட்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து ஷெட்டிலிருந்தும், அதற்கு அப்பால் ரோட்டோரத்து ஷெட்டிலிருந்தும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அதே குரல் அதே பெயரைக் கூப்பிட்டது. "யாராச்சும் இருக்கீங்களா?"

பிறகு வெளியே ஓடிவரும் சத்தம். வேலிக் கம்பி அதிர்ந்தது. கதவு திறந்தது.

துளசிமணி அக்கா நின்றார். வேலி முள்ளில் சேலை கிழிந்திருந்தது. மருந்துத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. செருப்பு மாற்றவில்லை. சேற்றுக் காலோடு, கையில் போனோடு, பேப்பர் விரிப்பின் மேலேயே ஏறி வந்துவிட்டார்.

"எங்க? அம்மிணி எங்க கண்ணு? கூப்பிட்டாளே!"

அடுப்போரத்தில் அவள் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வான்மதி இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"என்னையக் கூப்பிட்டிருக்கா" என்றார். "எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா சாமி. நான் அன்னைக்கு ஊட்டுலதான இருந்தேன்?"

அவர் பின்னால் அவர் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார். ரோட்டில் ஒரு மொபெட் நின்றது. யாரோ ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் ஷெட்டை நோக்கிக் கத்தியபடி ஓடி வந்தார். "ஏனுங், உள்ள யாருக்கு என்னாச்சு? பொம்பள சத்தம் கேட்டுது!" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இங்க இருக்கேன்" என்றது பெட்டி. "மாமா, இங்கதான் இருக்கேன்."

பிறகு வார்த்தை முடிந்து அந்தச் சத்தம் தொடங்கியது. குஞ்சுகளுக்கு அது தெரியும். எல்லா மூலையிலிருந்தும் ஓடிவந்தன. அக்காவின் மடியில் ஏறின. என் முழங்காலை ஒட்டி நின்றன. கண்ணை மூடின.

வாசலில் நின்றவர் தலையில் இருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் சட்டைப் பையில் போன் முனகியது. எடுத்துப் பார்த்தேன்.

பச்சை. குஞ்சுகள் அமைதியாக உள்ளன.